நாலாம் நம்பர் மூக்கு

மார்ச் 4

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நேற்று போனில், "அக்கா, நான் மூக்க ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்" என்றாய். நான் "எந்த மூக்க?" என்று கேட்டுவிட்டேன். அதிர்ச்சியில் வாயில் வந்த கேள்விடா அது. "உனக்கு எல்லாமே கிண்டல்தான்" என்று வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து "சிக்னல் இல்லை" என்று ஒரு செய்தி வந்தது. சிக்னல் இல்லாத இடத்திலிருந்து அந்தச் செய்தியை எப்படி அனுப்பினாய் என்று யோசித்துக்கொண்டே கடையை மூடினேன்.

அதனால்தான் கடிதம். இதற்குச் சிக்னல் வேண்டாம். பாதியில் வைக்கவும் முடியாது. கிழித்துப் போட்டாலும் இன்னொன்று எழுதுவேன்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அது உன் மூக்கு மட்டும் இல்லை. தினமும் காலையில் கண்ணாடியில் நானும் அதைத்தான் பார்க்கிறேன். நடுவில் ஒரு மேடு, நுனியில் ஒரு வளைவு, பக்கவாட்டில் பார்த்தால் கதவுக் கைப்பிடி. அழகு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் உழைத்த மூக்கு. நடைபாதையில் ஒரு தட்டில் முப்பது மூக்குக்கண்ணாடி பரப்பி நான் உட்கார்ந்த காலத்தில், மாட்டிக் காட்ட ஸ்டாண்டு கிடையாது. என் மூக்குதான் ஸ்டாண்டு. எந்த பிரேமையும் போட்டுக் காட்டுவேன், வழுக்காது. "உங்களுக்கு நிக்குது, எங்களுக்கு நிக்குமாம்மா?" என்று கேட்டவர்களுக்கு மூக்கில் உட்காருகிற நோஸ் பேடைத் திருகித் திருகி நிற்க வைத்தேன். அந்தத் தட்டுதான் இன்றைக்கு இரண்டு ஷட்டர் போட்ட கடை. அதில்தான் நீ படித்தாய். இதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன். இருக்கட்டும்.

யாராவது ஏதாவது சொன்னார்களா? முப்பத்துநாலு வருஷம் சும்மா இருந்த மூக்கு இப்போது என்ன செய்தது உன்னை? எழுது.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நான் வேலை பார்க்கிற ஹோட்டலுக்கு வந்தது. உறையின் மேலே "மூக்கு விஷயம், அவசரம்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறாய். வாசலில் நிற்கும் காவலாளி அதைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். இனிமேல் தயவுசெய்து என் அறை முகவரிக்கு அனுப்பு. மேலே ஒன்றும் எழுதாதே.

நீ கேட்டதற்குப் பதில். இப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் விஷயமே.

பழைய ஹோட்டலில் என்னை வரவேற்பு மேசையில் மூன்றே நாள் நிற்க வைத்தார்கள். நாலாம் நாள், "நீங்க உள்ள உக்காந்து பில்லு பாருங்க தம்பி, அதுக்குதான் நீங்க சரி" என்றார் அங்கிருந்த மேனேஜர். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் பேசும்போது எங்கே பார்த்துப் பேசினார் என்று எனக்குத் தெரியும். உள்ளே, ஜன்னல் இல்லாத அறையில் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ பஸ் ஏறி வந்து அவரைக் கேட்டிருப்பாய்.

இந்த ஹோட்டலில் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கொரோனா காலம் என்பதால் இன்டர்வியூவே மாஸ்க்கோடுதான். மேனேஜர் என் கண்ணைப் பார்த்தார், பேச்சைக் கேட்டார், "முன் மேசை உங்களுக்குத்தான்" என்றார். அன்றிலிருந்து நான் நிற்கிற இடம் அது. விருந்தினர்கள் என்னைத் தேடி வந்து பேசுகிறார்கள். இங்கே ஒருத்தருக்கும் என் மூக்கு தெரியாது. மதியச் சாப்பாட்டைச் சலவை அறையில், படுக்கை விரிப்பு அடுக்குக்குப் பின்னால் நின்று சாப்பிடுகிறேன். சாப்பிட்டதும் மாஸ்க்.

ஜூன் முதல் தேதியிலிருந்து மாஸ்க் கட்டாயம் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். மூக்கு டாக்டரிடம் ஏப்ரல் இருபத்திரண்டு எனக்குத் தேதி கிடைத்திருக்கிறது. பத்து நாள் லீவு. அதன்பின் மாஸ்க்குக்குள்ளேயே வீக்கம் வற்றட்டும். ஜூன் முதல் தேதி மாஸ்க்கைக் கழற்றும்போது இவர்கள் எதைப் பார்க்கிறார்களோ அதுதான் இவர்களுக்கு என் பிறவி மூக்கு. பழசு ஒன்று இருந்ததே தெரியாது. இப்படி ஒரு சந்தர்ப்பம் மனிதனுக்கு ஆயுளில் ஒருமுறைதான் வரும் அக்கா. எனக்கு மட்டும் தோன்றிய யோசனை என்று பெருமையாக இருந்தது. கிளினிக்கில் போய்ப் பார்த்தால் உட்கார நாற்காலி இல்லை. ஊர் மொத்தமும் மாஸ்க்குக்குள் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறது.

டாக்டரிடம் ஓர் ஆல்பம் இருக்கிறது. பன்னிரண்டு மூக்கு. நான் நாலாம் நம்பரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். நேராக, அடக்கமாக, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருக்கிறது.

நீ உழைத்த மூக்கு என்று எழுதினாய். உன்னுடையது உழைத்தது. என்னுடையது என்னை உள்ளே தள்ளியது.

தம்பி

மார்ச் 14

தம்பிக்கு,

பில் அறையைப் பற்றிப் படித்தேன். அந்த ஆளின் பெயரையும் விலாசத்தையும் மட்டும் அனுப்பு. வேறொன்றும் கேட்கவில்லை.

சரி. உன் கணக்கை வியாபாரம் மாதிரி எடுத்துப் பார்த்தேன். தேதி சரியாக இருக்கிறது, லீவு சரியாக இருக்கிறது, மாஸ்க் யோசனை நிஜமாகவே நல்ல யோசனை. வேறு யாராவது சொல்லியிருந்தால் கை கொடுத்திருப்பேன்.

ஒரே ஒரு சந்தேகம். மூக்கை உடைத்துச் செதுக்கி ஒட்டிய பிறகு, அதன் மேல் கண்ணாடியை எப்படி வைப்பாய்?

உன் பவர் மைனஸ் ஒன்பது. கண்ணாடி இல்லாமல் எதிரில் நிற்பது விருந்தினரா, தூணா என்று உனக்குத் தெரியாது. எட்டாம் வகுப்பில் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு, கடைக்கு முன்னால் நிறுத்தியிருந்த தண்ணீர் டிரம்முக்கு நீ வழிவிட்டு நின்றதைப் பார்த்தவள் நான். என் கடையில் மூக்குச் செய்துகொண்டவர்கள் வந்திருக்கிறார்கள். ஆறு வாரம் மூக்கில் குண்டூசி எடைகூட வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லுவார். வைத்தால் புது எலும்பு பள்ளம் விழுந்து கோணிக்கொள்ளும். இன்னொன்று, கண்ணுக்குக் கீழே இரண்டு வாரம் கறுத்துக் கிடக்கும். மாஸ்க் மூக்கைத்தான் மறைக்கும். கறுப்பை மறைக்கக் கண்ணாடி வேண்டும். அதைத்தான் போட முடியாதே.

கண்ணாடிக்கடைக்காரி வளர்த்த பிள்ளை. எல்லாவற்றையும் யோசித்தவன், கண்ணாடி எதன் மேல் உட்காருகிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. இதை வெளியே சொல்லாதே, என் கடைக்கு யாரும் வரமாட்டார்கள்.

அக்கா

மார்ச் 19

அக்கா,

நீ எழுதியதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான்.

டாக்டரிடம் கேட்டேன். ஆறு வாரம் என்றார். "மொதல் தடவை வந்தப்பவே சொன்னேனே" என்றார். சொல்லியிருப்பார். அப்போது நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆல்பம் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி இல்லாதபோது எனக்குக் காதும் சரியாகக் கேட்காது, உனக்குத் தெரியும். ஆல்பத்தை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துத்தான் பார்த்தேன்.

கண்ணுக்குள் போடும் லென்ஸ் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதும் உனக்குத் தெரியும். போனதடவை போட்டு, மூன்று நாள் அழுதவன் மாதிரி இருந்தேன்.

ஆனால் நான் தேதியை விடப் போவதில்லை. இந்தத் தேதிக்குப் பின்னால் எழுபது பேர் காத்திருக்கிறார்கள். அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். மூக்கைத் தொடாமல் நிற்கிற மாதிரி ஒரு கண்ணாடி உன்னால் செய்ய முடியுமா?

முடியாது என்றால் முடியாது என்று எழுதிவிடு. திட்டி எழுதாதே.

தம்பி

மார்ச் 27

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று "முடியாது" என்று ஒரு வரி எழுதி, தபால்தலையும் ஒட்டினேன். பெட்டியில் போடப் போகிற வழியில், முடியாது என்பது உண்மையா என்று ஒரு யோசனை வந்தது. நெற்றியில் தொங்கவிட்டால்? திரும்பிக் கடைக்கு வந்துவிட்டேன். தபால்தலை வீண்.

இத்துடன் வருகிற பெட்டியைப் பார். கொரோனா ஆரம்பத்தில் பேஸ் ஷீல்டு நானூறு வாங்கிப் போட்டேனே, விற்காமல் கிடந்தது, அதன் நெற்றிப் பட்டைதான். முன்னால் இருந்த தகட்டை வெட்டிவிட்டு, இரண்டு கம்பியில் உன் லென்ஸைத் தொங்கவிட்டிருக்கிறேன். மூக்குக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஒரு சுண்டுவிரல் போகும். லென்ஸ் கண்ணிலிருந்து தள்ளி நின்றால் பவர் குறையும் என்பதால் கொஞ்சம் கூட்டி வெட்டியிருக்கிறோம். கடையில் லென்ஸ் வெட்டுகிற பெரியவர் போட்டுப் பார்த்துவிட்டு, "இதப் போட்டுட்டு சைக்கிள் ஓட்டினா போலீஸ் பிடிக்கும்" என்றார். நீ சைக்கிள் ஓட்டாதே.

இதைச் செய்ததால் நான் சம்மதித்துவிட்டேன் என்று நினைக்காதே. கையில் வந்த வேலையை விட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரியாது. இருபத்துநாலு வயதில் நானும் ஒரு மூக்கு டாக்டரிடம் போயிருக்கிறேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "மாப்பிள்ளைக்கு வேலை மாற்றல் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதம் அடுத்த தெருவில் பெண் எடுத்தார்கள். மறுநாளே கிளம்பிப் போனேன். டாக்டர் என் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, ஸ்கேலை வைத்து அளந்தார். அவர் குனிந்தபோது பார்க்கிறேன், அவர் கண்ணாடி ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது. என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "கொஞ்சம் இருங்க சார்" என்று கழற்றி, பையிலிருந்த திருப்புளியால் சரிசெய்து மாட்டிவிட்டேன். அவர் சுவர்க் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பத்து வருஷமா என் முகந்தான் கோணல்னு நெனச்சேம்மா" என்றார். இரண்டு பிரேமுக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மூக்கைப் பற்றி அப்புறம் இரண்டு பேருமே பேசவில்லை.

அதனால் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்று மட்டும் எழுதாதே. தெரியும்.

அக்கா

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போன கதை எனக்குத் தெரியாது. ஐந்து தடவை படித்தேன்.

பெட்டி வந்தது. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். தெளிவாகத் தெரிகிறது. மூக்கில் ஒன்றும் இல்லை, லேசாக இருக்கிறது. ஒரே குறை, புருவத்தைத் தூக்கினால் லென்ஸும் சேர்ந்து தூக்கிக்கொள்கிறது. ஹோட்டல்காரன் நாளுக்கு நூறு தடவை புருவத்தைத் தூக்க வேண்டியிருக்கிறது, விருந்தினர் எதைச் சொன்னாலும் ஆச்சரியப்பட வேண்டும். நேற்று மாஸ்க்கோடு போட்டுக்கொண்டு ஒரு நாள் வேலை பார்த்தேன். "கண்ணுக்கு ஏதாவது வைத்தியமா?" என்று கேட்டார்கள். பக்கத்து மேசையில் அறைச் சாவி கொடுக்கிற அம்மா மட்டும், "வெல்டிங் வேலைக்கு எப்ப சேந்தீங்க?" என்றார்.

இனி முக்கியமான விஷயம். முந்தாநாள் அதைப் போட்டுக்கொண்டே கிளினிக்குக்கு அளவு கொடுக்கப் போனேன். எல்லாரும் மாஸ்க். யாரையும் யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் இருமினார். அறையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நாலு நாற்காலி தள்ளிப் போனார்கள். எனக்கு மட்டும் கால் வரவில்லை. அந்த இருமல் எனக்குத் தெரியும். யாரையாவது திட்டுவதற்கு முன்னால் எங்கள் மேனேஜர் அப்படித்தான் இருமுவார்.

அவரும் என்னைப் பார்த்துவிட்டார்.

"நீங்க... இங்க?"

"ஒரு சொந்தக்காரரப் பாக்க வந்தேன் சார்."

"நானும் சொந்தக்காரரத்தான்."

அந்த நேரம் பார்த்து நர்ஸ் வெளியே வந்து, "ஏப்ரல் இருபத்திரெண்டு யாரு, ஜூன் பதினெட்டு யாரு? ரெண்டு மூக்கும் அளவுக்கு வாங்க" என்றார். இரண்டு மூக்கும் எழுந்து போனோம்.

வெளியே வந்ததும் மாடிப்படிக்கு அடியில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மாஸ்க்கை இறக்கிக் காட்டினார். அக்கா, அது மூக்கு. சாதாரண மூக்கு. அதில் என்ன குறை என்று கண்டுபிடிக்கவே எனக்கு நேரம் பிடித்தது. அவர்தான் விரலை வைத்துக் காட்டினார், "இந்தப் பக்கம் பாருங்க, சப்பையா இல்ல?" என்று. என்னுடையதைக் காட்டச் சொன்னார். நான் காட்டவில்லை.

அவருக்கு ஜூன் பதினெட்டு. மாஸ்க் போய்ப் பதினேழு நாள் ஆகியிருக்கும். "உங்க தேதிய எனக்குக் குடுத்துடுங்க. முன் மேசை உங்களுக்கு நிரந்தரம்னு எழுத்துல தரேன்" என்கிறார். கையெடுத்துக் கும்பிட்டார். ஒன்றரை வருஷமாகத் திட்டு வாங்கிய ஆள் நான், எனக்கே பாவமாக இருந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். என்ன செய்யட்டும்?

தம்பி

ஏப்ரல் 7

தம்பிக்கு,

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கொடுத்துவிடு.

உனக்கு எதற்கு மூக்கு? முன் மேசைக்குத்தானே? அந்த மேசையே எழுத்தில் வருகிறது. போக வேண்டிய ஊர் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும்போது டிக்கெட் எதற்கு? ஆனால் வாய்ப்பேச்சுக்கு மயங்காதே. லெட்டர்ஹெட்டில் எழுதி, முத்திரை வைத்து, முதலாளி கையெழுத்தோடு வாங்கு. "எந்தக் காரணத்துக்காகவும்" என்ற வார்த்தை அதில் இருக்க வேண்டும். அப்புறம்தான் தேதி.

நாலாம் நம்பரைப் பற்றி நீ எழுதியதிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கிளினிக் எண் வாங்கிப் பேசினேன். அங்கே இருக்கிற பெண் நல்ல பெண். இந்த வருஷம் எந்த நம்பர் அதிகம் போகிறது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். இருபது பேருக்குப் பதினாலு பேர் நாலாம் நம்பராம். உன் மேனேஜரும் அதுதான். அடுத்த வருஷம் உங்கள் ஊரில் பஸ்ஸில் ஏறினால் எதிர் சீட்டில் உன் மூக்கு உட்கார்ந்திருக்கும்.

இது என் தொழில்டா, எனக்குத் தெரியும். ஒரே டிசைனை எல்லாரும் கேட்கிறார்கள் என்றால் அது முடியப் போகிறது என்று அர்த்தம். பூனைக்கண் பிரேம் ஓடிய வருஷம் முந்நூறு வாங்கினேன், அடுத்த வருஷம் ஒருத்தர் தொடவில்லை. பிரேம் என்றால் மூலையில் போட்டுவிடலாம். மூக்கை எங்கே போடுவாய்?

இன்னொரு சேதி. நீ போட்டுக்கொண்டு போன தொங்கு கண்ணாடியை அந்தப் பெண் பார்த்து டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். நாற்பது வேண்டும் என்கிறார்கள். புருவப் பிரச்சினையைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 10

அக்கா,

என் மூக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஊர் மூக்குக்கெல்லாம் பிரேம் செய்கிறாய். நன்றாக இருக்கிறது.

உனக்கு எல்லாமே சரக்கு. எனக்கு இது முகம். எழுத்தில் மேசையைக் கொடுத்தால் போதுமா? அந்த மேசையில் இந்த மூக்கோடு ஜூன் முதல் தேதி நான் நிற்க வேண்டாமா? காகிதத்தையா முகத்தில் ஒட்டிக்கொள்வது? பில் அறைக்குத் தள்ளாமல் இருப்பார்கள், சரி. அவர்கள் பார்க்கிற பார்வை? அதற்கு எந்த லெட்டர்ஹெட்?

பதினாலு பேருக்கு அந்த மூக்கு இருந்தால் இருக்கட்டும். பதினைந்தாவது ஆளாகக் கூட்டத்தில் காணாமல் போவதுதான் எனக்கு வேண்டும். கூட்டத்தில் தனியாகத் தெரிந்தது போதும்.

ஏப்ரல் இருபத்திரண்டு எனக்கு ஆபரேஷன். மேனேஜரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

தம்பி

ஏப்ரல் 14

தம்பிக்கு,

சரி.

நீ கேட்டது சரிதான். பார்வைக்கு லெட்டர்ஹெட் கிடையாது. நான் அந்தப் பார்வையை இருபது வருஷம் வாடிக்கையாளர் பக்கம் திருப்பிவிட்டுப் பிழைத்தேன், என்னைப் பார்க்க வந்தவர்களை அவர்கள் முகத்தையே பார்க்க வைத்து. உனக்கும் அது வரும் என்று நினைத்தது என் தப்பு.

உன் மூக்கு, உன் முடிவு. ஊர் மூக்கு உடைந்தால் எனக்கு வியாபாரம். உன் மூக்கு உடைந்தால் எனக்கு வியாபாரமே ஓடாது. அந்த வித்தியாசத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாமல்தான் இத்தனை கடிதமும்.

பெட்டியில் இரண்டாவது கண்ணாடி இருக்கிறது. பட்டை இல்லை. மெல்லிய கம்பி, முடிக்குள் மறைந்துவிடும். புருவத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தூக்கு, அசையாது. இருபத்தொன்றாம் தேதி சாயங்காலம் பஸ்ஸில் வந்துவிடுவேன். ஆபரேஷன் அறை வாசலில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும் இல்லையா?

கடையை அன்றைக்கு மூடிவிடுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 18

அக்கா,

கூரியரில் அனுப்புகிறேன், நாளை கிடைத்துவிடும். பஸ் டிக்கெட்டை ரத்து செய்துவிடு. கடையை மூடாதே.

நேற்று கடைசி முறையாக டாக்டரிடம் போனேன். கம்ப்யூட்டரில் என் படத்தைப் போட்டு, அதில் நாலாம் நம்பரைப் பொருத்திக் காட்டினார். உன் இரண்டாவது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், ஒன்றும் விட்டுப்போகாமல் தெரிந்தது. நல்ல முகம் அக்கா. நேர்த்தியான முகம். யாரோ ஒரு பில் அறைக்காரன் முகம். அந்த ஆளை நான் பார்த்தால் நானே "நீங்க உள்ள உக்காருங்க" என்று சொல்லியிருப்பேன். மறுபடி மறுபடி பார்த்தேன். கிண்டலில்லை, நிஜமாகச் சொல்கிறேன்.

வெளியே வந்தால் தையல் பிரித்துக்கொண்டு மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றும் நாலாம் நம்பர். ஒரு அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் என்று நினைத்து, "எல்லாரும் ஒரே குடும்பமா?" என்று கேட்டுவிட்டேன். ஒருத்தருக்கொருத்தர் தெரியாதாம். அப்போதுதான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்.

ஊசி பயமும் கொஞ்சம் உண்டு. மறைக்க வேண்டாம்.

மேனேஜரிடம் போய்த் தேதியைக் கொடுத்துவிட்டேன். எழுத்தில் வாங்கினேன், லெட்டர்ஹெட், முத்திரை, முதலாளி கையெழுத்து. "எந்தக் காரணத்துக்காகவும்" என்பதைச் சேர்க்கச் சொன்னதும், "இது யாரு சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார். இரண்டாவது கண்ணாடியை அவருக்கு விற்றுவிட்டேன். லென்ஸ் மட்டும் மாற்ற வேண்டும், பவர் பின்னால் எழுதியிருக்கிறேன்.

ஜூன் முதல் தேதியை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் தைரியம் சேர்த்துக்கொள்ளலாம்.

தம்பி

மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரம் கிடைக்கவில்லை.

நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். நோய் குறைந்துவிட்டது, மே மூன்றிலிருந்தே மாஸ்க் வேண்டாம் என்று திடீரென்று அறிவித்துவிட்டார்கள். அறிவிப்பு வந்த அன்றே எங்கள் முதலாளி சுற்றறிக்கை விட்டார்: முன் மேசையில் நிற்பவர்கள் முகம் தெரிய நிற்க வேண்டும், ஹோட்டலுக்குப் பழைய களை வர வேண்டும். மே மூன்றாம் தேதி மேனேஜருக்கு ஆபரேஷன் ஆகிப் பதினோரு நாள். முகம் பூசணிக்காய் மாதிரி, கண்ணுக்குக் கீழே இரண்டு கத்திரிக்காய். பின்பக்கக் கதவு வழியாக வந்து, உன் கம்பிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் இல்லாத பில் அறையில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு உள்ளே போகிறது. கிளினிக்கில் பாதிப் பேருக்கு இதே நிலைமையாம், தேதி பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டவர்கள் எல்லாம் கட்டோடு மாட்டிக்கொண்டார்கள்.

அதனால் அன்றைக்கு முன் மேசைக்குப் பொறுப்பு நான். காலை ஏழு மணிக்கு மாஸ்க்கோடு போய் நின்றேன். ஏழே காலுக்குச் சாவி அம்மா வந்தார், அவர் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். வேறு யாரோ என்று நினைத்து, "வாங்க, ரூம் வேணுங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "கழட்டுங்க சார், ஆர்டர் வந்தாச்சு" என்றார். சட்டைப் பையிலிருந்த முதலாளி கையெழுத்துக் காகிதத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கழற்றினேன்.

பார்த்தார். நானும் அவர் கண் எங்கே போகிறது என்று பார்த்தேன். மூக்கில் நின்றது. அங்கிருந்து கீழே இறங்கியது. அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன சார், மீச இல்ல?"

"இல்லையேம்மா. எப்பவும் இருந்ததில்ல."

"நல்ல கெத்தா, முறுக்கி விட்ட மீச இருக்கும்னு நெனச்சேன் சார். ஒண்ணர வருஷமா அப்படித்தான் நெனச்சிட்டிருக்கேன்." நிஜமாகவே ஏமாந்துபோனவர் மாதிரி சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காவலாளி வந்தார். "மூக்கு கொஞ்சம் பெருசுதான் சார், பரவால்ல. மீச எங்க?" மாதாமாதம் வந்து தங்குகிற மருந்து கம்பெனிக்காரர், நான் பெயரைச் சொன்ன பிறகும் நம்பவில்லை. "அவரு மீசக்காரர் ஆச்சே" என்று எனக்கே சொல்கிறார். சலவை அறையில் இருவர், எனக்கு எந்த மாதிரி மீசை என்று பந்தயமே கட்டியிருந்தார்களாம். சாயங்காலம் பில் அறையிலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார், இருமினார். திட்டப் போகிறார் என்று நின்றேன். "நானும் மீச இருக்கும்னுதான் வேலைக்கு எடுத்தேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

முப்பத்துநாலு வருஷமாக நான் தூக்கிச் சுமந்த மூக்கு அக்கா. மொத்த ஹோட்டலுக்கும் அது ஒரு மூச்சு நேர விஷயமாக இருந்தது. பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பார்த்தார்கள். பார்த்துவிட்டு வேறு குறைக்குப் போய்விட்டார்கள். எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது, மூக்கின் சார்பில்.

இன்றோடு ஐந்து நாள். மேசையில்தான் நிற்கிறேன். காகிதத்தைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

மீசை வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். இதற்கு டாக்டர் வேண்டாம், தேதி வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் காலையில் எடுத்துவிடலாம். வளர்ந்ததும் போட்டோ அனுப்புகிறேன். உன் தொழில் கண்ணால் பார்த்து உள்ளதைச் சொல்.

தம்பி

ஜூன் 2

தம்பிக்கு,

போட்டோ வந்தது. கடையில் விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். லென்ஸ் வெட்டுகிற பெரியவரும் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே அபிப்பிராயம்தான்.

மீசை வேண்டாம். எடுத்துவிடு. மூக்கை மறைக்கிறது.

அக்கா